கோபத்துக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை ஆளாக்கினேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் இல்லை. இதையும் நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். ஆனாலும் வருத்தம், கோபம், பயம், வெட்கம் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் என்ன சொல் என்று கேளுங்கள், சொல்வேன். அதை நான் படித்தது சேற்றில்.

அந்த ஆடியில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். புரட்டாசியில் சம்பா நடவு. மூத்த மகள் குடவாசல் பள்ளிக்கூடத்தில் எட்டாவது. லீவு நாளில் கடைக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பாடத்தை உரக்கச் சொல்வாள். ஸேட், ஆங்கிரி, அஃப்ரெய்ட், அஷேம்ட். குனிந்து நட்டுக்கொண்டிருந்த நாங்கள் எங்கள் பாட்டை விட்டுவிட்டு அதற்கே கை போட ஆரம்பித்தோம். ஒரு சொல்லுக்கு ஒரு நாற்று, பின்னால் ஓர் அடி. தண்ணீரில் வானம் கிடக்கும். மேகத்துக்குள் விரலை விட்டு நாற்றை ஊன்றுவது போல இருக்கும். சொல் வரப்பிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து எழுந்ததா, தெரியாது.

அவள் அர்த்தம் சொல்லச் சொல்ல, பெண்கள் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பொறாமைக்கு ஜெலஸ் என்றதும் என் ஓரகத்தி நிமிர்ந்தாள்.

“அத உங்க அம்மாவுக்குக் குடுடி. என் பித்தளைக் குடத்தப் பாத்து வெந்து போறவ அவதான்.”

சிரித்த சிரிப்பில் நடவு வரிசை கோணிப்போயிற்று. துக்க வீட்டுக்காரி எனக்கு ஸேட் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நானும் அந்தச் சொல்லுக்கே நட்டேன்.

சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும் ஏறியிருந்த காலம் அது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் உழுத வயலுக்கு என் பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுத்தேன். பதியாவிட்டால் அறுப்போடு வயலை விட்டு இறங்க வேண்டியதுதான். ஆறு பிள்ளைகளுக்கும் சோறு அந்த வயல்.

விசாரணைக்குத் தாலுகா கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். நிலத்துக்காரர் நாற்காலியில். அவர் பக்கத்தில் அவருடைய காரியஸ்தர். நான் கதவோரம் கைகட்டி நின்றேன்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். நிலத்துக்காரர் முன்னால் எதற்கும் வருத்தம் என்றுதான் சொல்வோம். கூலியைக் குறைத்தாலும் வருத்தம், மாட்டைப் பிடித்துக் கட்டினாலும் வருத்தம். கோபம் அவருக்கு வரும், எங்களுக்கு வரலாகாது. அதிகாரி, என்னம்மா சொல்றீங்க என்று கேட்டதும், வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது.

“வருத்தமா இருக்குங்க.”

காரியஸ்தர் அதைப் பிடித்துக்கொண்டார். அதிகாரியிடம் இங்கிலீஷில் மளமளவென்று பேசினார். நடுவில் ஸேட் என்று கேட்டது. இன்னொரு ஸேட். புருஷன் போன துக்கத்தில் இருக்கிறாள், வயலை விட்டுவிடுகிறாள். பேச்சு எந்த வாய்க்காலில் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

மேசையும் மின்விசிறியும் கண்ணிலிருந்து விலகிப் போயின. காலடியில் சேறு குளிர்ந்தது. தண்ணீரில் வானம். வரப்பிலிருந்து என் மகளின் குரல், ஒவ்வொரு சொல்லாக.

தமிழில் அந்தச் சொல்லுக்கு என் வாய் திறக்கவில்லை.

“ஸேட் இல்லீங்க. ஆங்கிரி.”

காரியஸ்தர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. யார் மேல என்று கேட்டார்.

“வயல்ல என் நடவு நிக்கிது. நான் வுட்டுட்டேன்னு சொல்றாரே, அவரு மேலதாங்க.”

கட்டியிருந்த கை எப்போது கீழே இறங்கியது என்று தெரியவில்லை. அதிகாரி எழுதின வரியை அடித்தார். பிறகு ஒருநாள் வயலைப் பார்க்க வந்தார். பயிர் பச்சை கட்டி, காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கோணிப்போன அந்த வரிசை மட்டும் கோணலாகவே நின்றது. ஆங்கிரி சொன்ன அம்மாதானே என்று கேட்டார். ஆமாங்க என்றேன். என் பெயர் ஏறியது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். டென்ஷன், டிப்ரஷன், மூட் அவுட். யார் முன்னாலும் சொல்கிறார்கள். சொல்லட்டும். வெயில் சாயும் நேரத்தில் கண்ணை மூடினால் எனக்கு அந்த நாலு சொல்தான் வரும், தண்ணீர்ச் சத்தத்தோடு.

பேத்தி எழுதி முடித்துவிட்டாள். நல்ல தமிழில் எழுதுகிறேன் என்று எதையாவது மாற்றியிருப்பாள்.

“கச்சேரியில நான் சொன்னத மட்டும் படி கண்ணு. வருத்தம்னு போட்டுட்டியான்னு பாக்குறேன்.”