தம்பி பெயரில் ஒரு புல்

காய்ந்த புல் கதிரை வெந்நீரில் போட்டுவிட்டு, அது இளகும்வரை மேசையை விரலால் தட்டிக்கொண்டிருப்பார் அவர். இளகியதும் ஊசியால் பிரித்து, லென்ஸுக்கு அடியில் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொள்வார். தும்மினால் அரைநாள் வேலை பறந்துவிடும்.

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும், பாச்சை உருண்டை வாடை அடிக்கும் தாவரக் காப்பகத்தில் அவருக்கு ‘மீசைக்காரம்மா’ என்று பெயர். வெயில் காயும் நாடுகளிலெல்லாம் மண்டிக் கிடக்கும் ஒரு புல் பேரினம்தான் அவருடைய ஆராய்ச்சி. விதையின் நுனியில் மீசைபோல மூன்று முட்கள் நிற்கும். நடந்து போனால் துணியில் குத்திக்கொண்டு கூடவே வரும். அதில் முந்நூறு சொச்சம் இனங்கள். மீசை முறுக்கா, நேரா, நடு மீசை மட்டும் நெட்டையா என்று பார்த்து இனம் பிரிப்பதிலேயே தலை நரைத்துவிட்டது.

“மாடுகூடத் தொடாத புல்லைக் கட்டிக்கிட்டு ஏன்மா அழறீங்க?” என்று காவலாளி சீண்டுவார்.

“மாட்டுக்கு வாயில குத்தும். எனக்குக் குத்துற இடம் வேற.”

இளமையில் அவர் புல் சேகரிக்கப் போகும்போதெல்லாம் தம்பிதான் வண்டி ஓட்டுவான். காற்று அறையும் ஒரு மலைமுகட்டில், பக்கத்து மீசைகள் இரண்டும் குட்டையான ஒரு புல்லைக் கண்டு, “அக்கா, இவன் உன் கணக்குலயே இல்லாத பயல்!” என்று கத்தினான். இன்னும் கொஞ்சம் பறிக்க எட்டியவன் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். கையில் இறுகிய கொத்தோடுதான் அவனைத் தூக்கினார்கள். அந்தக் கொத்தைத் தாளில் ஒட்டி, புது இனம் என்று நிறுவி, அவன் பெயரையே சூட்டினார். “அவன் பேரு இனி எங்கயும் போகாதும்மா” என்று தாயாரிடம் சொன்னார்.

போன மாதம், உடன் வேலை பார்க்கும் இளம்பெண் மரபணுச் சோதனை முடிவோடு வந்து நின்றாள். தம்பியின் புல் தனி இனமே இல்லை. எங்கும் கிடைக்கிற சாதாரணப் புல், காற்றில் குன்றி வளர்ந்திருக்கிறது. சோதனைக்கு இலையைக் கிள்ளிக் கொடுத்ததே இவர்தான்.

“இதை மட்டும் கட்டுரையில விட்டுடட்டுமா அக்கா? யாரும் கேக்கப் போறதில்ல.”

“நான் கேப்பேனே. எழுதிடு.”

எழுதினாள். இனி அந்தப் பெயர் செல்லாது. அவரே தாளை எடுத்துப்போய்ச் சாதாரணப் புல்லின் கட்டுகளுக்கு நடுவே செருகினார். இரும்பு அலமாரி மூட மறுத்தது. தோளால் முட்டி மூடினார். மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

“அவன் செத்தப்போ எனக்குச் செய்யறதுக்கு வேலை இருந்துச்சு. இப்போ என்ன செய்யறதுன்னே தெரியல” என்று மட்டும் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் என்னிடம் சொன்னார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கண் மங்கிய தாயார் கட்டிலில் உட்கார்ந்தபடி, “தம்பி புல்லைப் பார்த்தியா?” என்று மகளைக் கேட்டார்.

“பார்த்தேம்மா.”

“நல்லா இருக்கானா?”

மீசைக்காரம்மா சமையலறைக்குப் போனார். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழாயைத் திறந்து, மறுபடி கழுவத் தொடங்கினார்.