அபெட் என்றொரு வினைச்சொல்

கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிதில், தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் எழுத்தெழுத்தாகப் பார்த்து அப்படியே அடித்துவிடுவேன். பொருளைத் தேடிக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும் என்று இன்ஸ்டிட்யூட்டில் சொல்லியிருந்தார்கள். ‘அபெட்’ என்ற வினைச்சொல்லையும் அப்படித்தான் பலமுறை அடித்திருப்பேன். அடிதடி, தற்கொலை, எந்த வழக்கானாலும் வரும். அதற்குப் பக்கத்தில் என் அத்தையின் பெயர் வந்த அன்றைக்குத்தான் அகராதியைப் புரட்டினேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம் அது. சாலையோர மரங்களை வெட்டிப் போட்டு பஸ்ஸை மறிப்பது என்று எங்கள் ஊரிலும் முடிவானது. கச்சிராயபாளையம் சாலையில், ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரம். எங்கள் பக்கத்தில் பழைய புளியமரத்தில் சும்மா கோடாலி வைத்துவிட மாட்டார்கள். அதில் குடியிருப்பதிடம் முதலில் சொல்லவேண்டும். போய்த் தங்க வேறொரு மரத்தைக் காட்டவும் வேண்டும். மாலையில் இலை மூடுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். அப்பாவின் அக்கா, கணவர் இறந்தபின் எங்களோடு இருந்த என் அத்தை.

ஆட்கள் வந்து வாசலில் நின்றதும் அத்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

“அதுல ஒரு பொண்ணு தூக்கு மாட்டிக்கினா. நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல. அவள இப்ப எங்க போவச் சொல்றது? ரோட்டுல இருக்கற எல்லா மரத்தையுந்தான வெட்டப் போறாங்க?”

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல மார்க் வாங்கியும் டீச்சர் ட்ரெயினிங் சீட் கிடைக்காமல் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஊரே எனக்காகத்தான் கோடாலி எடுத்ததாக நினைப்பு. இதில் பேய்க்கு வீடு பார்க்க வேண்டுமா?

“எனக்காவ வா அத்த” என்று கையைப் பிடித்து எழுப்பி, மரத்தடிவரை நானே கூட்டிப்போனேன்.

அத்தை அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். காட்டுவதற்கு ஒரு மரம் இல்லை. எல்லாவற்றிலும் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“வேற எடமில்லம்மா. எங்க வூட்டுக்கு வந்துடு” என்றார்.

அதன் பிறகுதான் முதல் வெட்டு விழுந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து ஒரு ரோடு வேலைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கொஞ்ச நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. வேரைவிட்டுப் பிரிந்து கிடந்த மரத்தில், வழக்கமான நேரத்துக்கு, இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டன. அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மரத்தைவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்கள்.

மறுவாரம் ஒரு மத்தியானம், பஸ் ஓடாததால் வேலைக்குப் போகாமல் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நடு அறையில் அத்தையின் குரல் கேட்டது. தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வார், நிறுத்துவார், பதில் கேட்டவர்போல ‘ம்’ என்பார். எட்டிப் பார்த்தேன். சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கப் புளியந்தளிரைக் கசக்கிய வாடை.

“யார்கிட்ட பேசிக்கினு இருக்க?”

“உங்கிட்ட இல்ல” என்றார், திரும்பாமல்.

பேன் பார்த்துவிடுகிறவர்களைப்போல அவர் விரல்கள் மடிக்கு மேலே வெறும் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. நான் அதற்கப்புறம் அந்த அறையில் படுக்கவில்லை.

அடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் எங்கள் ஆபீசுக்கு வந்தது. ரோடு வேலைக்காரர் பொய் சொல்லவில்லை. “அந்தம்மா சொல்ற வரைக்கும் ஒருத்தனும் கோடாலிய தொடல” என்று பார்த்ததைப் போலீசில் சொல்லியிருந்தார். வெட்டியவர்களுக்கு அடுத்து அத்தையின் பெயர், அதையொட்டி அந்த வினைச்சொல். அகராதி, ‘குற்றம் செய்யத் தூண்டு, உடந்தையாயிரு’ என்றது.

“கைய வெச்சவனுக்கு இந்த வார்த்த வராதும்மா. பின்னாடி நின்னவனுக்குத்தான் வரும்” என்றார் வக்கீல்.

அத்தைக்குப் பின்னால் நின்றது யார்? பட்டியலை இரண்டு தடவை படித்தேன். என் பெயர் இல்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முன்ஜாமீன் மனுவுக்காக அத்தையை ஆபீசுக்கு அழைத்துவந்தார் அப்பா. வக்கீல் பொறுமையாகக் கேட்டார். “நீங்களா போனீங்களா, இல்ல யாராவது வற்புறுத்தி இட்டுக்கினு போனாங்களா? பேர சொல்லிட்டா உங்கள வெளிய எடுத்துடலாம். இல்லன்னா ஜெயிலுதான்.”

என் விரல்கள் டைப்ரைட்டர் மேல் இருந்தன. வாயைத் திறந்தால் போதும், நான்தான் என்று ஒரே ஒரு சொல். அத்தை என்னைப் பார்க்கவேயில்லை. எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அங்கிருந்து அனுமதி கிடைத்துவிட்டதுபோல, மெல்லத் தலையாட்டினார்.

“யாரும் கூப்புடல சார். நானாதான் போனேன்.”

வக்கீல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அடித்தேன். அந்த வினைச்சொல் வந்த இடத்தில் கை தயங்கவில்லை, பிழையும் இல்லை. மனுதாரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்படி சொன்னார். வாசித்தேன்.

“என்னை யாரும் தூண்டவில்லை.”

அத்தை, “ஆமாம்மா” என்றார். நான் எழுந்துபோய் அவருடைய இடது கட்டைவிரலில் மையைத் தடவி, அந்த வரிக்குக் கீழே அழுத்தினேன்.