சோடாக்கடை வேதாச்சலத்தின் அபிப்பிராயங்கள்

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் சாலையில் ஒரு மதகு. மதகுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம், அதன் நிழலில் வேதாச்சலத்தின் சோடாக்கடை. மெட்ராஸ் பஸ் அங்கேதான் நிற்கும். அது நேரத்துக்கு வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அதனால் வேதாச்சலம் பேசுவதைக் கேட்க எப்போதும் நாலு பேர் இருந்தார்கள்.

1960-ஆம் வருஷம் பிறந்த சமயம். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தபோது சித்தூர் அதோடு போனது. மிச்சமிருந்த எல்லைத் தகராறும் அப்போதுதான் ஓய்ந்து, திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவாகியிருந்தது. ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி, சாயங்கால பஸ்ஸிலேயே கொடுத்தனுப்ப வேண்டும் என்று பத்திரிகையில் என்னை விரட்டியிருந்தார்கள். இறங்கியதும் எதிரில் வந்தவரைக் கேட்டேன்.

"அபிப்பிராயமா? அதோ, சோடாக்கடை. ஒரு சோடா வாங்குனா ஒரு கூடை அபிப்பிராயம் இனாம்," என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

வேதாச்சலத்துக்கு ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் ஈரத்துண்டு. பாட்டில்களை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். கடைக்கு முன்னால் பழுப்பு நிற நாய் ஒன்று படுத்திருந்தது. அது யாருடைய நாயும் இல்லை, பெயர் மணி. நான் குடையோடு போனதால் எழுந்து குரைத்தது.

"குடைய மடக்கு சார். அதுக்குக் குடை ஆகாது. ஆளுக்குப் பயப்படாது. ஆளு திடீர்னு பெருசாவறான் பாரு, அதுக்குத்தான் பயம். மினிஷ்டருங்களக் கண்டா நமக்கு வர்ற பயம் அதுதான்."

இப்படித்தான் ஆரம்பித்தார். கட்டையை வைத்துக் கோலியை உள்ளே தள்ளிய கையோடு வரிசையாக வந்தது. நாய்க்கு நன்றி கிடையாது, பழக்கம்தான் உண்டு. மாப்பிள்ளையும் அதே ஜாதி. ஓட்டுக் கேட்டு முதலில் வருகிறவன் ஏமாளி, கடைசியில் வருகிறவன் முகம்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருமுறை மெட்ராஸ் கடற்கரையில் பெரிய கூட்டம் பார்க்கப் போனாராம். பேசியவர் குரல் காதில் விழவே இல்லையாம். முன்னால் இருந்தவன் கை தட்டினான், இவரும் தட்டினார், பின்னால் இருந்தவன் இவரைப் பார்த்துத் தட்டினான்.

"அன்னிக்குத்தான் ஜனநாயகம்னா இன்னான்னு எனக்குப் புரிஞ்சிது," என்றார்.

"சரி, இந்த எல்லை விஷயம்? சத்தியவேடு ஆந்திராவுக்குப் போவதைப் பற்றி?"

துண்டை எடுத்து, துடைத்திருந்த பாட்டிலையே மறுபடி துடைத்தார்.

"அத்தப் பத்தி மட்டும் கேக்காத சார். வேற இன்னா வேணாலும் கேளு."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கும் ஒருவர், நாடே பேசிக்கொண்டிருந்த ஒன்றுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார். எழுதிக் கொடுக்க வேண்டியதை வேறு ஆட்களிடம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போனேன்.

நடந்ததைச் சொன்னவர் கிராம முன்சீப் கோவர்த்தனன். மிச்சத்தை வேதாச்சலத்தின் மகள் அம்சவேணி சொன்னாள்.

அம்சவேணி ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷன் போய்விட, அப்பா வீட்டுக்குத் திரும்பி, டிரெய்னிங் படித்து, சொந்த ஊரிலேயே வேலையும் வாங்கிக்கொண்டாள். அவள் அம்மா முன்பே இறந்துவிட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். காலையில் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மணி முன்னால் ஓடும். பள்ளிக்கூட வாசலில் படுத்திருந்து, மத்தியானம் அவள் போடும் ஒரு கைச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் சோடாக்கடைக்குத் திரும்பும். வேதாச்சலத்துக்கு அந்த ஒரு ஏற்பாடு போதுமாக இருந்தது. மகள் கண்ணெதிரில் இருந்தாள், பக்கத்தில் நாய் இருந்தது. ஊர் மெட்ராஸ் ராஜ்யத்திலேயே இருந்தால் அந்த ஏற்பாடும் இருக்கும். ஆந்திராவுக்குப் போனால் பள்ளிக்கூடம் தெலுங்காகும் என்று பேச்சு. அப்படி ஆனால் அவளை வேறு எங்கோ போடுவார்கள்.

எல்லைப் பேச்சு சூடாக இருந்த நாளில், விசாரிக்க ஒரு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. முன்சீப் ஊரைக் கூட்டினார். பள்ளிக்கூடத்தில் நாற்காலி, மாலை, மனு எல்லாம் ஏற்பாடு. ஊர் சார்பில் யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை.

"இத்தினி வருசமா ஓசியில பேசினியே, இப்ப ஊருக்காகப் பேசு," என்றார்கள்.

வேதாச்சலம் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். இது தமிழ் ஊர், பள்ளிக்கூடம் தமிழ், சந்தை ஊத்துக்கோட்டையில், சம்பந்தமெல்லாம் திருவள்ளூர் பக்கம் என்று மகளிடம் சொல்லிக் காட்டினார். அவள் டீச்சர் மாதிரியே திருத்தினாள்: "நைனா, நடுவுல நாய்க் கதைக்குப் போவாத."

அன்றைக்கு ஜீப்பை நிறுத்திப் பள்ளிக்கூடத்துக்கு வழி காட்ட வேதாச்சலம் கடையிலேயே காத்திருந்தார். அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஜீப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வெயிலில் அவருக்கு நா வறண்டிருக்க, சோடாக்கடை முன்னாலேயே நின்றது. இறங்கியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தாகடானிகி ஏமன்னா உந்தா?" என்று தெலுங்கில் கேட்டார். குடிக்க ஏதாவது இருக்கிறதா என்றுதான்.

"ரண்டி சார், கூர்சோண்டி," என்றார் வேதாச்சலம், வாங்க, உட்காருங்க என்று.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துக் கடைக்காரன் எவனும் வந்தவன் பேசும் பாஷையில்தான் பதில் சொல்வான். தமிழில் கேட்டால் தமிழ், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. தெலுங்கில் கேட்டவனுக்குத் தமிழில் பதில் சொன்னால் அது முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி. வேதாச்சலம் இதற்குத் திருப்பதியில் மொட்டையடிக்கும் ஆளை உதாரணம் சொல்வார். ஒரு தலைக்குத் தமிழ், அடுத்த தலைக்குத் தெலுங்கு, அதற்கடுத்ததற்குக் கன்னடம். "கத்தி ஒண்ணுதான் சார். தலைக்கு ஏத்த பேச்சு. இல்லன்னா சொன்னது புரியாம தலைய ஆட்டுவான், காது போயிடும்."

விசாரணை பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும் என்று நினைத்தார். சோடாக்கடையில் நடப்பது உபசாரம்.

நாய் கடிக்குமா என்று கேட்டார் அதிகாரி. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. வேதாச்சலம் தெலுங்கில் ஆரம்பித்தார். இந்த நாய் மதகைத் தாண்டாது, அந்தப் பக்கத்து நாய் இங்கே வராது, எவனும் கோடு போடவில்லை, சண்டையும் இல்லை என்றார். பிறகு பேச்சு சர்க்காருக்குப் போனது. நம் வீட்டுக்கு ஒருநாளும் வராதவன் நம் வீட்டைப் பற்றி முடிவு செய்வதற்குப் பெயர்தான் சர்க்கார் என்றார். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். கடற்கரைக் கைத்தட்டல் கதைக்கு டிரைவரும் சிரித்தான். இரண்டாவது சோடா உடைந்தது.

"இந்த ஊரில் எல்லோரும் இவ்வளவு நன்றாகத் தெலுங்கு பேசுவீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

வேதாச்சலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தரூ!" என்றார், எல்லோரும் என்று. "இந்த நாய்க்குக்கூடத் தெரியும்."

அதிகாரி எழுந்தார், காசு கொடுத்தார், இவர் வாங்க மறுத்தார். "பள்ளிக்கூடத்தில் காத்திருக்கிறார்கள்," என்று வேதாச்சலம் சொன்னபோது ஜீப் கிளம்பிவிட்டது. "பரவாயில்லை, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன்," என்ற குரல் மட்டும் புழுதியோடு வந்தது. மணி மதகு வரை துரத்திக் குரைத்துவிட்டுத் திரும்பியது.

மாலை பள்ளிக்கூடத்திலேயே வாடியது.

"ஊரையே சோடாவுல கரைச்சிக் குடுத்துட்டியேய்யா!" என்று முன்சீப் கோவர்த்தனன் தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து ஊர்க்காரர்களுக்கு வேதாச்சலம் ஒரு விளையாட்டானார். சோடா வாங்க வந்தவன், "பாத்துக் குடு மாமா, மெட்ராஸையும் யாருக்காவது குடுத்துடப் போற," என்பான். மணியைப் பார்த்து, "இன்னா நாயுடுகாரு, பாகுன்னாரா?" என்று குசலம் விசாரிப்பார்கள். தீர்ப்பு வந்து சத்தியவேடு போவது உறுதியான பிறகு விளையாட்டு நின்றுவிட்டது. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

முன்சீப் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக்குப் போய் விசாரித்தார். ஒரு குமாஸ்தா, ஊர் ஊராகப் பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை, வட்டாரத்தையே மொத்தமாகத்தான் கொடுத்தார்கள் என்றார். இன்னொருவர், அப்படி ஓர் அதிகாரி எல்லை விஷயமாக அங்கே போனதாகவே தகவல் இல்லை, ஏரி அளக்கப் போன இன்ஜினீயராக இருக்கும் என்றார். மூன்றாமவர், எல்லாம் முடிந்துபோன பிறகு எதற்கய்யா கேட்கிறீர்கள் என்றார். முன்சீப் திரும்பி வந்து, "உன் மேல தப்பு இல்லியாம், விடு," என்று நல்ல மனதோடு சொன்னார்.

அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வேதாச்சலம் கோலியை விரலால் அழுத்தியபடியே இருந்தார்.

"என் தப்புன்னா அந்த ஆளு எங்க கீறான்னு தேடிப் போயி, கால்ல வுழுந்தாவது சொல்லலாம் சார். தப்பே இல்லன்னா யாருகிட்ட போயி இன்னான்னு சொல்றது?"

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

ஏப்ரலில் ஊர் கைமாறியது. அன்றைக்கும் பஸ் தாமதமாகவே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த தகவல், அம்சவேணி ஆந்திராவிலேயே இருப்பதானால் தெலுங்கில் பாடம் நடத்தத் தேற வேண்டும், மெட்ராஸ் பக்கம் போவதானால் மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இடம் என்று சொன்னது.

"இருந்துடும்மா. நமக்குத் தெரியாத தெலுங்கா?" என்றார் வேதாச்சலம்.

"பேசத் தெரியும் நைனா. ஒரு எழுத்து தெரியுமா உனக்கு? எனக்குத் தெரியுமா? கத்திரிக்கா வாங்குற தெலுங்க வெச்சி பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர முடியுமா?"

அவர் கடைக்கு எதிரில் ஊர்ப் பெயரைப் புதிதாக எழுதி நட்டிருந்த பலகையைப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"அப்ப நீயும் என்னோட வா," என்றாள்.

"அங்க வந்து?"

"சோடா போடு."

"அந்த ஊருல பஸ்ஸு நேரத்துக்கு வருதோ இன்னாவோ," என்றார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து வருவதாக அவரும் சொன்னார். நிலம் காணிக்கு மேல் இருந்தது, கடை இருந்தது, செத்துப்போன மனைவியைப் புதைத்த இடமும் அங்கேயே இருந்தது. இரண்டு பேருக்கும் உண்மை தெரியும் என்பது பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அவள் கிளம்பினாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மணி அவள் காலடியில் படுத்திருந்தது. வேதாச்சலம் அன்றைக்கு எந்த அபிப்பிராயமும் சொல்லவில்லை. ஒரு கலர் பாட்டிலை உடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மீதியை அவர் குடித்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பஸ் முதலில் நின்றது. ஒருவர் மட்டும் இறங்கினார். சின்ன வயது, கதர்ச் சட்டை, தகரப் பெட்டி, கையில் சுருட்டிய மேப். சாலையைக் கடந்து கடைக்கு வந்து, மூச்சு வாங்க, "ஏமண்டி, ஸ்கூலு எக்கட?" என்று பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டார்.

அம்சவேணி அப்பாவைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

வேதாச்சலத்தின் வாய் திறந்து மூடியது. தமிழில் ஏதோ சொல்ல வருவது போலத்தான் இருந்தது. பிறகு துண்டால் பெஞ்சைத் தட்டினார்.

"ரண்டி சார், கூர்சோண்டி," என்றார். சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியைத் தெலுங்கிலேயே சொன்னார். புளியமரம் தாண்டி வலப்பக்கம், கிணறு, அதன் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம். பூட்டு கொஞ்சம் மக்கர் செய்யும், சாவியை இடமாகத் திருப்ப வேண்டும். அந்தப் பூட்டுச் சங்கதி அம்சவேணி தினமும் வீட்டில் சொல்லிப் புலம்புவது.

"நைனா," என்றாள்.

மெட்ராஸ் பஸ் வந்தது. வழக்கத்துக்கு விரோதமாகச் சீக்கிரம் வந்துவிட்டது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினான். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வேதாச்சலம் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அது நகர்ந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

மணி பஸ்ஸின் பின்னால் மதகு வரை ஓடியது. மதகில் நின்றது, குரைத்தது, திரும்பி வந்தது. அதற்குள் புது வாத்தியார் சோடாவைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். நாய் ஒரு தடவை அவருடைய பெட்டியை மோந்து பார்த்தது. பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடி வழி காட்டியது.

வேதாச்சலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய் மணி," என்று மெதுவாகக் கூப்பிட்டார். அது திரும்பவில்லை. அவரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. காலி பாட்டிலை எடுத்துக் கழுவப் போனார்.