நான் சாலிட்க்கா

மஞ்சு அக்கா, காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாள் ஆகிறது. நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். ஆனால் சாலிட், லிக்விட், கேஸ் மூன்றையும் இன்றைக்கும் யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். ஜீவனஹள்ளியில் தண்ணீர் லாரி வரிசையில் வைத்து நீ சொல்லிக்கொடுத்தது.

அப்போது நான் ஆறாவது. அன்று சயின்ஸ் டெஸ்ட். நீ பொம்மசந்திராவில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். இன்னொரு நாள் லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஏழு மணிக்குக் கம்பெனி வேன். அதற்குள் தண்ணீர் பிடித்தாக வேண்டும். வீட்டில் ஒரு சொட்டு இல்லை, அம்மா ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள்.

தெரு நெடுகக் குடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

“இதான்டி சாலிட். துகளெல்லாம் நெருக்கமா ஒட்டிக்கினு நிக்கும். நின்ன எடத்துலயே ஆடும், எடத்த வுட்டு நவுறாது.”

“லிக்விட்?”

“லாரி வரட்டும், பாரு. ஒருத்தர ஒருத்தர் ஒரசிக்கினு வழுக்கிக்கினு போவாங்க.”

“கேஸ்?”

“எதிர்வீட்டு அத்தை வாய். ஒரு சேதி சொன்னா போதும், ஏரியா முழுக்கப் பரவிடும்.”

அத்தை குடத்தால் உன் முதுகில் ஒரு இடி இடித்தாள்.

பிறகு நீ தலை வாரிக்கொண்டு வர வீட்டுக்கு ஓடினாய். “இப்போ நீதான் சாலிட். நான் வர்ற வரைக்கும் எடத்த வுடாத.”

லாரி வந்தது. யாரோ ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தியிருந்ததால் உள்ளே நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. “லைனல்லி நில்லி, லைனல்லி!” என்று வரிசையில் நிற்கச் சொல்லி டிரைவர் கன்னடத்தில் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. குடங்களோடு எல்லோரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். நான் மட்டும் நம் இரண்டு காலிக் குடங்களுக்கு நடுவே, பாடத்தில் உள்ளபடி தோளை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன்.

நீ வந்தபோது லாரி காலி.

“ஏன்டி இங்க நிக்குற?”

“நான் சாலிட்க்கா.”

“உன் தங்கச்சிக்குப் பாடம் நல்லா ஏறிடுச்சு மஞ்சு,” என்றாள் அத்தை. “கொடத்துலதான் தண்ணி ஏறல.”

மெயின் ரோட்டில் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. நீ அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பிறகு ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். “டெஸ்ட்ல இதையே எழுதிடு,” என்று சொல்லிவிட்டு, இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் தாண்டி இருந்த போர் குழாய்க்கு நடந்தாய்.

அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். சாயங்காலம் வந்தால் நீ வீட்டில் இருந்தாய். மறுநாளும் இருந்தாய். வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன் என்று நீ அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். இனி தினமும் அக்கா எனக்குத் தலை பின்னிவிடுவாள் என்பது மட்டும்தான் அன்றைக்குப் புரிந்தது.

இதைப் படிக்கிறவர்களே, எங்கள் மஞ்சு அக்காவுக்காக உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போன இடத்திலாவது அவள் தண்ணீருக்கு வரிசையில் நிற்காமல் இருக்கட்டும்.