விதைத்த தேதி செல்லாது

வெப்சைட்டில் ஜனங்கள் போடும் தேதி சரியா என்று பார்க்க புரோகிராம் எழுதுகிற பிழைப்பு, பெற்ற அப்பனையே சந்தேகப்பட வைக்கும். இதே வேலையில் சிக்கிய புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஊருக்கே ஒரு நாள்

தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு புக் பண்ணும் வெப்சைட் எங்களுடையது. விதைத்த தேதியைப் போட்டால், பயிர் முற்றியதா என்று கணக்குப் பார்த்து மெஷின் அனுப்புவோம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் முழுக்க ஆடிப்பெருக்கு அன்றே விதைத்ததாக வந்தது. சந்தேகம் வராதா? அத்தனையும் பதிந்து கொடுத்த பிரவுசிங் சென்டர்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனுஷன் அசரவே இல்லை.

"விதைச்ச தேதி யாருக்கு சார் ஞாபகம் இருக்கு? ஆடிப் பதினெட்டுன்னா நல்ல நாளு, நீங்களும் மறுப்பு சொல்ல மாட்டீங்க."

புதுப் பூட்டு

விட்டேனா? சம்பா ஐந்து மாதப் பயிர். விதைத்து அவ்வளவு ஆகவில்லை என்றால் 'தேதி செல்லாது' என்று சிவப்பில் காட்டித் துரத்தும்படி எழுதினேன். மற்றவர்களை முந்திக்கொண்டு மெஷின் பிடிக்கிறவர்கள் இனி வாலாட்ட முடியாது! பக்கத்து சீட் பர்வீன் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க கல்யாணப் பத்திரிகைல போட்ட தேதியையாவது நம்பி மண்டபத்துக்கு வருவீங்களா சார்?"

நன்னிலத்து அம்மா

தை மாதம். மறுநாள் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். நன்னிலத்திலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, நனைந்தால் அத்தனையும் போச்சு, வெப்சைட் உள்ளே விடமாட்டேன் என்கிறது. தேதியைப் பார்த்தேன், நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகா, ஆள் மாட்டியாச்சு! "பச்சைப் பயிரை அறுக்கவாம்மா மெஷின் கேக்குறீங்க?" என்றேன்.

அந்தம்மாவுக்கு வந்ததே கோபம்! நாற்றங்கால் மழையில் மூழ்கிப்போய், வெளியே நாற்று வாங்கி நட்டாராம். விதைத்தவர் வேறு யாரோ; நடும்போதே நாற்றுக்கு ஒரு மாத வயசு. தனக்குத் தெரிந்த நடவுத் தேதியை உள்ளபடி போட்டிருக்கிறார். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

"பக்கத்து வயக்காரரும் எங்கூடத்தான் நாத்து வாங்கினாரு, ஒரே நாள்ல நட்டோம். அங்க உங்க மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு. அவரு என்ன தேதி போட்டாருன்னு பாத்து, அதையே எனக்கும் போடுங்க தம்பி!"

பார்த்தேன், அவர் போட்டிருந்தது ஆடிப் பதினெட்டு! என் கையாலேயே அந்தப் பொய்த் தேதியைப் போட்டு அன்று மாலையே அவர் வயலுக்கு மெஷின் அனுப்பினேன். அதிலிருந்து, ஒரு தடங்கலும் இல்லாமல் உள்ளே நுழைகிற தேதியைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகமே.