கூலிக்கு அர்த்தம் சொன்ன வாத்தியார்

மேலாளர் அவர்களே, அந்த இங்கிலீஷ் வாத்தியாரின் வேலையைப் பறித்தது நீங்கள்தான்.

அம்பத்தூரில் எங்கள் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த சீனர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவர் அவர். ஒல்லி உடம்பு, தொளதொள சட்டை. டஸ்டர் இருந்தாலும் போர்டை உள்ளங்கையால்தான் துடைப்பார். எந்த வார்த்தையைக் கேட்டாலும் அது பிறந்த ஊரையும் சேர்த்துச் சொல்வார்.

கான்ட்ராக்ட் ஆட்களான எங்களை நீங்கள் இங்கிலீஷில் தினமும் 'கூலி' என்பீர்களே, அதற்கு ஒரு சீனர் கேன்டீன் வகுப்பில் அர்த்தம் கேட்டார். வாத்தியார் விளக்கியதும் அந்த மனிதர் முகம் மாறிப்போனது.

"இன்னா வாத்தியாரே சொன்னே, அந்தாளு இப்டி முழிக்கிறாரு?" என்றேன்.

"நம்ம வார்த்தைதாம்ப்பா. வேலைக்குத் தர்ற சம்பளம். வெள்ளைக்காரன் சம்பளத்த விட்டுட்டு, ஆளுக்கே அந்தப் பேர வச்சுட்டான்னு சொன்னேன். சீனாக்காரங்க அதே 'கூலி'ய அவங்க பாஷையில கசப்பு, பலம்னு ரெண்டு எழுத்தா எழுதுவாங்களாம்."

மறுநாள் அந்தச் சீனர் உங்களிடமே, "இவர்களுக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். பாவம், உங்கள் மென்மையான மனம் புண்பட்டுவிட்டது. பாடத்தைத் தாண்டிப் பேசினார் என்று அன்றே வாத்தியாரைக் கேட்டோடு திருப்பி அனுப்பினீர்கள். அவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அப்போதும் செக்யூரிட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஷிப்ட் மாறும்போது எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். தப்பு யார் மேல்? அர்த்தம் சொன்னவர் மேலா, எங்களை அப்படிக் கூப்பிட்ட உங்கள் மேலா?