தங்கம் ஏறிய குன்று

நாசரேத்திலிருந்து தங்கமும் ஜெரால்டும் மதுரைக்கு வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஜெரால்டுக்கு வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழு நாளைக்குக் குப்புறத்தான் படுக்க வேண்டும், உட்கார்ந்தாலும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும்.

திருநகரில் ஜெரால்டின் தங்கை ஹெப்சிபா வீட்டில் தங்கினார்கள். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்த மனுஷன், இப்போது தரையில் பதித்த ஒற்றை டைல்ஸைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தங்கம் அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எங்கே போனாலும் எந்த பஸ், எங்கே இறங்கணும் என்பதெல்லாம் ஜெரால்டின் பாடு. சாப்பாட்டுக் கூடை தங்கத்தின் பாடு. வேற்றூரில் தனியாக அவள் தெருமுனை தாண்டியதில்லை.

இரண்டாம் நாள் காலையிலேயே ஜெரால்டுக்கு எரிச்சல் மூண்டுவிட்டது.

"என் முதுகையே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருப்ப? வெளிய போய் எதையாவது பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"மீனாட்சி கோயிலுக்கா?"

"அதைத்தான் பாத்தாச்சே. ஆளுக போகாத இடமாப் பாரு."

ஹெப்சிபா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "நானே இந்த ஊருக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம், மைனி. வீடு, பேங்க், சர்ச், இதான் எனக்குத் தெரிஞ்ச மதுரை. திருப்பரங்குன்றம் மலைக்குப் பின்னால ஏதோ குகைக்கோயில் இருக்குன்னு சொல்லுவாக. நீங்க போயிட்டு வாங்க, நான் பேங்குக்கு லீவு போட்டிருக்கேன், அண்ணனைப் பாத்துக்கிடுதேன்."

தங்கம் போனாள். ஆட்டோக்காரரிடம் இரண்டு தடவை வழி கேட்டு, பாறையைக் குடைந்த சின்னக் கோயில் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டாள்.

"சொல்லு," என்றார் ஜெரால்டு, தரையைப் பார்த்தபடியே.

"கல்லுல குடைஞ்சிருக்காங்க. சின்னதுதான். நல்ல வெயிலு."

"பாறை என்ன நிறம்? குகை எந்தத் திசை பாத்து இருக்கு?"

"கல்லு, கல்லு நிறத்துலதான் இருக்கும். திசையெல்லாம் யாரு கண்டா?"

"இம்புட்டுத்தானா?"

தங்கத்துக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்ச் சொட்டு மருந்து எடுத்து வந்தாள். ஆனால் அன்றைக்குப் படுத்த பிறகும் அந்த 'இம்புட்டுத்தானா' மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நின்ற ஐந்து நிமிஷத்தில் தான் ஒன்றையுமே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. எப்போது திரும்பலாம் என்றே நின்றிருந்தாள்.

மறுநாள் யாரும் சொல்லாமலே கிளம்பினாள். விசாரித்து, பஸ் மாறி, கீழக்குயில்குடி சமணமலை அடிவாரத்தில் இறங்கினாள். குளம் நிறையத் தாமரை இலை. ஆலமரத்து நிழலில் ஒச்சாயி என்ற அம்மாள் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள்.

"ஒத்தையிலயா வந்தீக? மேல ஏறப் போறீகளா?"

"ஏறலாமா? எனக்கு முட்டி வலி உண்டு."

"எனக்கும்தான் வலிக்குது. அதுக்காக ஏறாமயா இருக்கேன்? இரும்புக் கம்பி போட்டிருக்காக, பிடிச்சுக்கிட்டே பைய ஏறுங்க. மேல சுனை இருக்கு, கோடையிலயும் வத்தாது."

நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். சுனைக்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாகச் சமணத் திருமேனிகள். ஒன்றின் தலைக்கு மேல் பாம்பு குடை பிடித்திருந்தது. அடியில் வட்டெழுத்து. அவளுக்கு அது படிக்கத் தெரியவில்லை. பின்னால் ஏறி வந்த கல்லூரிப் பெண் பவதாரிணிதான், கையிலிருந்த குறிப்பைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல ஒண்ணை ஒரு அம்மா செய்ய வச்சிருக்காங்க, ஆன்ட்டி. குணமதியார்னு பேரு. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவள் தங்கம். அந்தப் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் போன பிறகும் இவள் போகவில்லை. குளிர்ந்த பாறையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கீழே வாங்கிய வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை.

வீடு திரும்பும்போது மணி ஐந்து.

"போனை எடுக்கக் கூடாதா? நான் பதறிப் போயிட்டேன்," என்றார் ஜெரால்டு.

"மலை மேல இருந்தேன்," என்று தங்கம் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "வெயில்ல பாறை செம்மண் பூசுன மாதிரி இருந்துச்சு. மேகம் மறைச்சதும் வெள்ளாட்டு முதுகு மாதிரி சாம்பல் நிறம் ஆயிட்டு. நாகமலை எனக்கு இடது கைப்பக்கம் நீளமாக் கிடந்துச்சு. வலது பக்கம் தூரத்துல ஒரு விமானம் அவனியாபுரத்துப் பக்கமா இறங்குச்சு."

 ஜெரால்டு தரையில் விரலால் நாகமலைக்கு ஒரு கோடு இழுத்தார், அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"அப்ப நீ கிழக்கே பாத்து நின்னிருக்க."

"ஆமா. கிழக்கே பாத்துத்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். பாறையில் சாய்ந்து சும்மா இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அது தனக்கே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

மிச்ச நாட்களில், ஜெரால்டு மதியம் தூங்கும் நேரம் பார்த்து ஹெப்சிபாவும் இரண்டு தடவை கூட வந்தாள். விளாச்சேரியில் வீட்டுக்கு வீடு காய்ந்துகொண்டிருந்த மண் பொம்மைகளைப் பார்த்து, "பத்து நிமிஷ தூரத்துல இருக்கு, தெரியாமப் போச்சே மைனி," என்று அங்கலாய்த்தாள். ஏழாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை ஒட்டிக்கொண்டது, பார்வை மெல்லத் தெளியும் என்றார். தங்கம் அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் போட்டவள் அவள்தான். மூன்று பேரும் அரிட்டாபட்டி மலைக்குப் போனார்கள். பாதிப் பாறை ஏறியதும் ஜெரால்டுக்கு மூச்சு வாங்கியது. தங்கம் அவரை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மழை பெய்த மறுவாரம். கீழே கண்மாய் நிரம்பிக் கிடந்தது.

"அந்தக் கண்மாய் தெரியுதா?"

அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "தெரியுது. கொஞ்சம் அலையுது."

"தண்ணின்னா அலையத்தான் செய்யும். இருங்க, நாங்க உச்சிக்குப் போயிட்டு வாரோம்," என்று தங்கம் ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.